ரதி வேடமும் ஆள்மாறாட்டமும்: ஒரு பழைய நகைச்சுவைப் படத்தைப் புரிந்துகொள்ள

மாசி மாதத்து இரவொன்றில் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் நின்று காமன் கூத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே பிடிபடும். மேல் லயத்தில் தப்புப் பறையின் சத்தம் கேட்கும்போதே கீழ் லயத்துப் பிள்ளைகள் கம்பளியை உதறிவிட்டு எழுந்துவிடுவார்கள். மதனும் ரதியும் ஆடியபடி படியிறங்கி வருவார்கள். ரதி கட்டியிருப்பது யாரோ ஓர் அக்காவின் கலியாணச் சேலை. அந்தச் சேலைக்குள் இருப்பவர் பகலில் மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் இளைஞர் என்பது அங்கே நிற்கும் அத்தனை பேருக்கும் தெரியும். அப்படியிருந்தும் யாரும் சிரிப்பதில்லை. சிவனின் நெற்றிக்கண்ணில் மதன் எரிந்தபின் அதே இளைஞர் தலைவிரிகோலமாகப் புலம்பும்போது பாட்டிமார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டு இன்னொன்றைப் பாருங்கள். சிக்காகோ புகையிரத நிலையம், 1929ஆம் ஆண்டின் குளிர்காலம். இரண்டு ஆண்கள் பெண்களின் கோட்டும் தொப்பியும் அணிந்து, குதி உயர்ந்த சப்பாத்தில் தடுமாறிக்கொண்டு மேடையில் நடந்து வருகிறார்கள். ‘சம் லைக் இட் ஹொட்’ என்ற கறுப்பு வெள்ளைப் படம். அவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே பார்ப்பவர்கள் சிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

இரண்டு இடத்திலும் ஆண் பெண்ணுடை அணிகிறான். ஓரிடத்தில் அழுகிறோம், மற்ற இடத்தில் சிரிக்கிறோம். ஏன்?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்கு நாடகமும் அரங்கியலும் கற்பிக்கிறேன். புதிதாக வரும் ஒவ்வொரு வகுப்பையும் இந்தக் கேள்வியோடுதான் தொடங்குவேன். ஏனென்றால் பிள்ளைகள் தங்கள் தோட்டத்தில் சிறுவயது முதல் பார்த்த ஒன்றிலிருந்து புறப்பட்டால், உலகத்தின் எந்த நாடகத்துக்கும் எந்தப் படத்துக்கும் பயமில்லாமல் போய்ச் சேரலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். ரதியாக ஆடுபவர் கட்டியிருப்பது வேடம். ‘இன்றிரவு இவர்தான் ரதி’ என்று ஆடுபவருக்கும் பார்ப்பவருக்கும் இடையில் பேசாமலே ஓர் உடன்பாடு இருக்கிறது. கதைக்குள் இருக்கும் மதனும் அவரை ரதியாகத்தான் பார்க்கிறான், சிவனும் அப்படித்தான். அங்கே ஏமாற்றுபவரும் இல்லை, ஏமாறுபவரும் இல்லை. அதனால்தான் சேலைக்குள் யார் என்பதை மறந்து ரதியின் துக்கத்துக்குள் போய்விட முடிகிறது.

ஆள்மாறாட்டம் என்பது வேறு. அங்கே கதைக்கு உள்ளேயே ஒரு பாத்திரம் தன்னை இன்னொருவராகக் காட்டிக்கொள்கிறது. கதையில் உள்ள சிலர் அதை நம்பிவிடுகிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கோ உண்மை தெரியும். ஆக மூன்று அடுக்குகள்: நடிகர், அவர் ஏற்ற பாத்திரம், அந்தப் பாத்திரம் மேலே போட்டுக்கொண்ட பொய் உருவம். காமன் கூத்தில் இருப்பது இரண்டு அடுக்கு மட்டும். மூன்றாவது அடுக்கு வந்து சேரும்போதுதான் சிரிப்புக்கு வழி பிறக்கிறது.

ஒரு கற்பனைக் கதை சொல்கிறேன். ஒரு தோட்டத்தில் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்த அக்காவும் தங்கையும் இருக்கிறார்கள். அக்காவுக்குக் காய்ச்சல். அன்றைய பேர், அதாவது நாட்கூலிக் கணக்கு, போய்விடக் கூடாதென்று தங்கை அக்காவின் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போகிறாள். வேலையை மேற்பார்க்கும் கங்காணிக்கு இது தெரியாது. நிரையில் நிற்கும் மற்றப் பெண்களுக்குத் தெரியும். கங்காணி அவளருகே வந்து, “நேற்றைவிட இன்று உன் கை வேகமாக இருக்கிறதே” என்கிறார். நிரை முழுவதும் உதட்டைக் கடித்துக்கொண்டு தேயிலைக்குள் குனிந்துவிடுகிறது. கங்காணி சொன்னதில் நகைச்சுவை எதுவும் இல்லை. அவருக்குத் தெரியாதது அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருக்கிறது என்ற இடைவெளியில்தான் சிரிப்பு பிறக்கிறது. அதே இடைவெளியில் பயமும் இருக்கிறது. அவர் கண்டுபிடித்துவிட்டால்? நல்ல ஆள்மாறாட்டக் கதை இந்தச் சிரிப்பையும் பயத்தையும் ஒரே கயிற்றில் முறுக்கிக்கொண்டே போகும். அவிழ்ப்பது கடைசியில்தான்.

இது வெளியூர்ச் சரக்கு என்று நினைத்துவிடக் கூடாது. நம்மிடம் மிகப் பழைய கதைகள் இருக்கின்றன. பாண்டவர் காட்டில் 12 ஆண்டுகள் கழித்தபின் 13ஆவது ஆண்டை யாருக்கும் அடையாளம் தெரியாமல் விராட நாட்டில் கழிக்கிறார்கள். பீமன் சமையற்காரன். அர்ச்சுனன் பெண்ணுடையில், ஆணுமில்லாத பெண்ணுமில்லாத பிருகன்னளையாக, இளவரசி உத்தரைக்கு நடனம் சொல்லிக்கொடுக்கிறான். பிடிபட்டால் மறுபடியும் வனவாசம் போக வேண்டும். இது பயத்தால் போட்ட உருவம்.

ஆசையால் போட்ட உருவமும் உண்டு. ஆடியில் கதிர்காமத்துக்குப் போய் வருகிறவர்களுக்கு வள்ளி கதையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் முருகன் முதலில் வேடனாக வருகிறான். அவளுடைய தகப்பன் வரும் சத்தம் கேட்டதும் வேங்கை மரமாக நிற்கிறான். பிறகு நரைத்த கிழவனாக வந்து பசி என்கிறான். தேனும் தினைமாவும் கொடுக்கிறாள். விக்கல் என்கிறான், தண்ணீர் கொடுக்கிறாள். எல்லாம் கொடுத்த பிறகு கிழவன் கலியாணம் கேட்கிறான். கோபித்துக்கொண்டு விலகுகிறவளைப் பிள்ளையார் யானையாக வந்து மிரட்ட, அவள் ஓடிப்போய் அந்தக் கிழவனையே கட்டிக்கொள்கிறாள். கந்தபுராணத்தில் கச்சியப்ப சிவாசாரியார் பாடிய இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் இதற்குள் ஒரு முழு நகைச்சுவை நாடகம் இருப்பது எனக்கு வியப்பாக இருக்கும். கிழவன் யாரென்று நமக்குத் தெரியும், வள்ளிக்குத் தெரியாது. அதே இடைவெளிதான்.

பயத்தால் போட்ட உருவம், ஆசையால் போட்ட உருவம். இந்த இரண்டையும் ஒரே கதையில், ஒரே ஆளின் மேல் ஏற்றினால் என்ன ஆகும் என்று செய்து பார்த்த படம்தான் ‘சம் லைக் இட் ஹொட்’. 1959இல் வந்தது. இயக்கியவர் பில்லி வைல்டர், ஐ. ஏ. எல். டயமண்டுடன் சேர்ந்து திரைக்கதையை எழுதியவரும் அவரே. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கத் திரைப்படக் கழகம் அந்த நாட்டு நகைச்சுவைப் படங்களைத் தரவரிசைப்படுத்தியபோது இதற்குத்தான் முதலிடம் கொடுத்தது. வைல்டர் யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் பேர்லினைவிட்டு ஓடிப்போய், பின்னர் அமெரிக்காவில் புது மொழி கற்று எழுதியவர். உயிருக்குப் பயந்து ஊரை மாற்றி, மொழியை மாற்றி வாழ்ந்த ஒருவர் ஆள்மாறாட்டக் கதையை எடுத்ததில் ஆழமான பொருத்தம் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

கதை இதுதான். ஜோ, ஜெரி என்று இரண்டு வாத்தியக்காரர்கள். ஜோ ஊதுவது சாக்சபோன், ஜெரி வாசிப்பது ஆள் உயரப் பெரிய பாஸ் வயலின். இருவருக்கும் வேலை இல்லை, கையில் காசும் இல்லை. ஜோ ஓர் அழகன். பெண்களிடம் இனிக்கப் பேசி வேண்டியதை வாங்கிக்கொண்டு போய்விடுகிறவன். ஓர் அலுவலகப் பெண்ணை அப்படித்தான் மயக்கி அவளுடைய காரை இரவல் வாங்குகிறான். அதை எடுக்கப் போன கராஜில், 1929 பெப்ரவரி 14 அன்று சிக்காகோவில் உண்மையாகவே நடந்த ஏழு பேர் கொலையை இருவரும் கண்ணால் காண நேர்கிறது. கொலைகாரர்கள் துரத்துகிறார்கள். தப்ப ஒரே வழி, புளோரிடாவுக்குப் புறப்படும் பெண்கள் மட்டுமே உள்ள வாத்தியக் குழுவில் பெண்களாகச் சேர்வது. ஜோசபினும் டாப்னியும் பிறக்கிறார்கள்.

பெயர்களைக் கவனியுங்கள். ஜோ ஜோசபின் ஆனான், சரி. ஜெரி ஜெரால்டின் ஆவதாகத்தான் பேச்சு. ஆனால் குழுவினரிடம் பெயர் சொல்லும் கணத்தில் அவன் வாயிலிருந்து ‘டாப்னி’ என்று வந்துவிடுகிறது. ஒருவன் தன் பெயரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே நிற்கிறான், மற்றவன் ஒரே பாய்ச்சலில் உள்ளே குதித்துவிடுகிறான். பின்னால் இருவருக்கும் நடக்கப்போவது முழுவதும் இந்தப் பெயர்களிலேயே இருக்கிறது.

புகையிரத மேடைக்குத் திரும்புவோம். குதி உயர்ந்த சப்பாத்தில் இந்தப் பெண்கள் எப்படித்தான் நடக்கிறார்கள் என்று ஜெரி முனகுகிறான். அந்த நேரத்தில் மர்லின் மன்றோ நடித்த சுகர் என்ற பாடகி அவர்களைத் தாண்டி நடந்து போகிறாள். ஜெரி வாயடைத்து நிற்கிறான். மீசையை மழித்து உடுப்பை மாற்றினால் பெண்ணாகிவிடலாம் என்று நினைத்திருந்தவனுக்கு, நடக்கவே கற்க வேண்டும் என்பது அங்கேதான் தெரிகிறது.

இந்த இடத்தில் என் வகுப்பில் ஒரு மாணவர் கையை உயர்த்தினார். அவருடைய தோட்டத்தில் இரண்டு மாசியாக அவர்தான் ரதி வேடம் கட்டுகிறார். “சேர், சேலையோடு மேல் லயத்துக்கு ஏறும்போதுதான் அம்மா கூடையோடு எப்படி ஏறுகிறார் என்று யோசித்தேன்” என்றார். பல தோட்டங்களில் ஒரு முழுப்பேருக்கு ஏறத்தாழ 18 கிலோ கொழுந்து எடுக்க வேண்டும். அந்தப் பாரத்தைப் பிடரியிலும் முதுகிலும் சுமந்துகொண்டு, இடுப்பில் படங்கு கட்டி, ஈரத் தேயிலைக்குள் மலையேறுகிறவர்களைப் பிறந்தது முதல் பார்த்துக்கொண்டிருந்த பையன் அவர். பார்ப்பது ஒன்று, தன் காலில் சேலை தடுக்குவது வேறொன்று.

ஆண் இன்னது செய்வான், பெண் இன்னது செய்வாள் என்று ஊர் வகுத்து வைத்திருப்பதைத்தான் பால் வகிபாகம் என்கிறோம். பிறப்போடு வருவது உடல். வகிபாகம் ஊர் கொடுப்பது. கொழுந்து எடுப்பது பெண், அதை மடுவம் என்னும் நிறுவைக் கொட்டகையில் நிறுப்பது ஆண். நிரையில் நிற்பது பெண், நிரைக்குப் பின்னால் நின்று ஏவுவது ஆண். இதைத் தேயிலைச் செடியா சொன்னது? பெண்ணின் விரல் மென்மையானது, அதனால் கொழுந்து கிள்ள அவளே ஏற்றவள் என்று காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். மென்மையான விரல் என்று புகழ்ந்த அதே தோட்டங்களில் 1984 வரைக்கும் பெண்ணின் நாட்சம்பளம் ஆணின் நாட்சம்பளத்தைவிடக் குறைவாக இருந்தது. விரல்கள் 1984இல் மாறவில்லை. விதி மாறியது. வகிபாகம் மனிதர் வைத்தது, மனிதரால் மாற்றக்கூடியது என்று வகுப்பில் விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆள்மாறாட்டக் கதை வகிபாகத்தை எப்படித் தொடுகிறது என்றால், அதைக் கழற்றி மாட்டக்கூடிய உடுப்பாக நம் கண் முன்னே தூக்கிப் பிடிக்கிறது. அதற்கு இந்தப் படத்தில் மிகச் சிறந்த காட்சி லிப்டில் நடப்பது. அந்தக் காட்சியில் சற்று நின்றுதான் போக வேண்டும்.

புளோரிடா ஹோட்டலில் ஒஸ்குட் என்ற வயதான கோடீசுவரர் இருக்கிறார். பல தடவை கலியாணம் செய்தவர். டாப்னியைக் கண்டதும் மயங்கிவிடுகிறார். அவளோடு லிப்டில் ஏறுகிறார். கதவு மூடுகிறது. கதவு மறுபடி திறக்கும்போது டாப்னி அவருடைய கன்னத்தில் ஓர் அறை விட்டுவிட்டு வெளியே வருகிறாள். உள்ளே கிள்ளிவிட்டார். அறைக்குள் போன ஜெரி ஆத்திரத்தோடு ஜோவிடம் முறையிடுகிறான். தான் அழகிகூட இல்லையே, பிறகு ஏன் இப்படி என்பதுதான் அவன் புலம்பல். அழகைப் பற்றி அவர்களுக்கு அக்கறையே இல்லை, பாவாடை அணிந்திருந்தால் போதும் என்று ஜோ பதில் சொல்கிறான்.

இதை எத்தனையோ வகுப்புகளுக்குப் பாடசாலை மல்டிமீடியாவில் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பையன்கள் பகுதி அறைவிழுந்தவுடன் சிரிக்கும். பெண்பிள்ளைகள் பகுதி அப்போது அமைதியாக இருக்கும். ‘அழகிகூட இல்லையே’ என்று ஜெரி சொல்லும்போதுதான் அவர்கள் சிரிப்பார்கள். ஒரே வகுப்பறையில், ஒரே காட்சிக்கு, இரண்டு வேறு இடங்களில் சிரிப்பு. முதன்முதலில் இதைக் கவனித்தபோது படத்தை நிறுத்திவிட்டுக் காரணம் கேட்டேன். முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி சொன்னார்: “காலையில் பஸ்ஸில் வரும்போது எங்களுக்கும் இதுதான் நடக்கிறது. அவர் பொய்முடியைக் கழற்றினால் முடிந்துவிடும். எங்களுக்கு முடியாது, சேர்.”

அன்று அதற்குமேல் பாடம் நடத்தவில்லை. பஸ்ஸைப் பற்றித்தான் கதைத்தோம். பையன்கள் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த மாணவி சொன்னதைவிடச் சரியாக இந்தக் கருத்தை என்னால் சொல்ல முடியாது. ஜெரிக்கு நடந்தது ஒரு நாள் அனுபவம். ஆனால் அந்த ஒரு நாளுக்காகவாவது அவன் மறுபக்கத்தில் நின்றான். வேடிக்கை பார்க்கிறவனாக இருந்தவன், வேடிக்கை பார்க்கப்படுகிறவனானான். ஆள்மாறாட்டம் நகைச்சுவைக்குச் செய்யும் மிகப் பெரிய உதவி இதுதான்.

ஜோவுக்குக் கிடைத்த பாடம் வேறு விதமானது, இன்னும் கூர்மையானது. புகையிரதத்தில் இரவு. பெண்கள் அறையில் ஐஸ்கட்டி உடைத்துக்கொண்டே சுகர் தன் கதையை ஜோசபினிடம் சொல்கிறாள். சாக்சபோன் ஊதுகிற ஆண்களிடமே தான் திரும்பத் திரும்ப மனதைக் கொடுத்து ஏமாறுவதாகச் சொல்கிறாள். காசைக் கடன் வாங்குவார்கள், அதை வேறு பெண்களிலும் குதிரைப் பந்தயத்திலும் செலவழிப்பார்கள், ஒரு நாள் காணாமல் போய்விடுவார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவன் சாக்சபோன்காரன். அவள் சொன்ன ஒவ்வொன்றையும் செய்தவன். காரை இரவல் கொடுத்த பெண் நினைவிருக்கிறாளா? ஆணாக எதிரே இருந்திருந்தால் சுகர் இதில் ஒரு சொல்லும் சொல்லியிருக்க மாட்டாள். தன்னைப் பற்றிய உண்மையை, தான் யாரென்று தெரியாத ஒருத்தியின் வாயால், மறுத்துப் பேச வழியில்லாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஜோவாக நடித்த டொனி கேர்ட்டிஸின் முகத்தைப் பாருங்கள். பொய்முடிக்கும் பூச்சுக்கும் கீழே ஜோ நெளிவது தெரியும்.

கேட்டதும் திருந்திவிட்டானா? இல்லை. அதனால்தான் இது பெரிய படம். அவள் தோழியென்று நம்பிச் சொன்ன இரகசியங்களையே எடுத்து அவளுக்கு வலை பின்னுகிறான். கண்ணாடி போட்ட, மென்மையான, பணக்கார ஆண் ஒருவன் வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். குழு மனேஜரின் பெட்டியிலிருந்து உடுப்பையும் கண்ணாடியையும் திருடிக்கொண்டு, எண்ணெய்க் கம்பனி ஒன்றின் வாரிசாகக் கடற்கரையில் போய் உட்காருகிறான். முதல் உருவம் பயத்தால் வந்தது, இது ஆசையால் வந்தது. பாண்டவர் கதையும் வள்ளி கதையும் ஒரே ஆளில் கலக்கின்றன. ஆனால் முருகன் வள்ளியின் மனதைப் பரிசோதித்தான், ஜோ சுகரின் மனதைத் திருடினான். இந்த வேறுபாட்டை நான் மாணவர்களுக்கு மறைப்பதில்லை. அவன் அழகாக இருக்கிறான், அவன் செய்வது அழகாக இல்லை.

இன்னொன்றும் இங்கே தெரிகிறது. கோடீசுவரன் என்பதும் வெறும் உடுப்புத்தான். கோட்டு, தொப்பி, கண்ணாடி, மெருகேற்றிய ஒரு குரல். அந்தக் குரலைக் கேர்ட்டிஸ் அக்காலத்துப் பெரிய நடிகர் கேரி கிரான்டைப் பார்த்துப் பேசியிருக்கிறார். பெண்மை மட்டும்தான் அணிந்துகொள்ளும் ஒன்று என்று நினைத்தால் பாதிதான் புரிந்தது. ஆண்மையும் அதிகாரமும் அப்படித்தான். காற்சட்டையும் முழங்கால்வரை காலுறையும் தொப்பியுமாகப் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் வந்து நின்ற தோட்டத் துரைமாரைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த உடுப்பைக் கழற்றி வைத்தால் அங்கே நிற்பது யார்? சுகரும் சும்மா இல்லை. தன்னைப் பெரிய குடும்பத்துப் பெண்ணாக அவனிடம் காட்டிக்கொள்கிறாள். இரண்டு பொய் உருவங்கள் ஒன்றையொன்று காதலிக்கின்றன.

சொகுசுப் படகுக் காட்சியில் வகிபாகம் தலைகீழாகிறது. பெண் எவராலும் தன் உணர்ச்சியைத் தூண்ட முடியவில்லை என்று ஜோ ஒரு சோகக் கதை கட்டுகிறான். ஆகவே துரத்துவது, முத்தமிடுவது, மனதை மாற்ற முயல்வது எல்லாம் சுகரின் வேலையாகிறது. ஆண் வெட்கப்பட்டுக் கிடக்கிறான், பெண் முன்கை எடுக்கிறாள். 1959 அமெரிக்காவில் திரைப்படங்களுக்குக் கடுமையான ஒழுக்கவிதிக் கோவை ஒன்று இருந்தது. அதன் அங்கீகார முத்திரை இல்லாமலே இந்தப் படம் திரைக்கு வந்து பெருவெற்றி பெற்றது. அந்தக் கோவை பிறகு மெல்ல மெல்ல வலுவிழந்து 1968இல் கைவிடப்பட்டது.

அதே இரவில் டாப்னி கரையில் ஒஸ்குட்டுடன் விடிய விடிய டாங்கோ ஆடுகிறாள். ஒஸ்குட்டின் சொகுசுப் படகை ஜோவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டுமே. காலையில் ஜோ அறைக்குத் திரும்பும்போது ஜெரி கட்டிலில் சாய்ந்து கையில் மராக்கஸ் கிலுகிலுப்பைகளை ஆட்டிக்கொண்டு, தனக்குக் கலியாணம் நிச்சயமாகிவிட்டதாக அறிவிக்கிறான். மணமகள் யார் என்று ஜோ கேட்கிறான். தான்தான் என்கிறான் ஜெரி. ஆண் ஒருவன் இன்னொரு ஆணை ஏன் கட்டிக்கொள்ள வேண்டும் என்றால், வாழ்க்கைப் பாதுகாப்புக்காக என்கிறான். சொல்லிவிட்டு மறுபடியும் கிலுகிலுப்பையை ஆட்டுகிறான். இந்தக் கிலுகிலுப்பை வைல்டரின் யோசனை. ஒரு வசனத்துக்கு அரங்கு சிரித்து முடியுமுன் அடுத்த வசனம் வந்தால் காதில் விழாது என்பதற்காக, இடையில் ஆட்டிக்கொள்ள, ஜெரியாக நடித்த ஜெக் லெமனிடம் அவர் கொடுத்தது. கூத்தில் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் தப்பு இடம் பிடித்துக் கொடுப்பதைப் போன்றது இது.

பாதுகாப்பு என்ற பதிலில் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தச் சொல்லை நான் எளிதில் கடந்து போவதில்லை. அந்தக் காலத்து எத்தனை பெண்கள் அதே காரணத்துக்காக மனதில்லாமல் தலையாட்டியிருப்பார்கள்? டாப்னியாகச் சில நாட்கள் இருந்ததில் ஜெரி பெண்களின் கணக்கையும் போடத் தொடங்கிவிட்டான்.

புதிதாகப் படம் பார்க்கத் தொடங்கும் மாணவர்களுக்கு ஓர் அளவுகோல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆண் பெண்ணுடையில் வரும் எந்த நகைச்சுவையையும் பார்க்கும்போது, சிரிப்பு யாரை நோக்கிப் போகிறது என்று கேளுங்கள். சேலை கட்டிய ஆண் என்பதே கேலிக்குப் போதும் என்று எடுக்கப்பட்ட காட்சிகள் நம் தமிழ்த் திரையில் ஏராளம். அங்கே பெண்ணின் நடையும் குரலும் இழிவாகின்றன. உண்மையாகவே அப்படி வாழ்கின்ற திருநங்கையர் தெருவில் நடக்கும்போது அந்தச் சிரிப்பு அவர்களைத் துரத்திக்கொண்டு போகிறது. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வருவதில்லை, வேதனைதான் வருகிறது. இந்தப் படத்தில் சிரிப்பு பெரும்பாலும் ஜோ, ஜெரி, ஒஸ்குட் ஆகிய ஆண்களை நோக்கியே போகிறது, அவர்களுடைய பேராசையையும் பொய்யையும் நோக்கிப் போகிறது. பெண்ணுடை கேலிப்பொருளாவதில்லை. உடைகளை வடிவமைத்த ஓரி-கெலிக்கு ஒஸ்கார் கிடைத்தது. டாப்னியும் ஜோசபினும் அணிவது கோமாளி உடுப்பு இல்லை, ஒரு பெண் விரும்பி அணியக்கூடிய உடுப்பு.

இனி அவிழும் இடம். கொலைகாரர்கள் ஹோட்டலுக்கே வந்துவிடுகிறார்கள், தப்பி ஓட வேண்டும். சுகரைக் கைவிட்டுப் போவதாகக் கோடீசுவரனின் குரலில் ஜோ தொலைபேசியில் சொல்லிவிடுகிறான். அவள் மேடையில் உட்கார்ந்து, இனிக் காதலே வேண்டாம் என்ற பாட்டைப் பாடுகிறாள். ஓடிக்கொண்டிருந்த ஜோசபின் நின்று கேட்கிறாள். பிறகு எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க மேடையேறி, பெண்ணுடையிலேயே அவளுக்கு முத்தம் கொடுத்து, எந்த ஆணும் உன் கண்ணீருக்குத் தகுதியானவன் இல்லை என்ற பொருளில் ஒரு சொல் சொல்லிவிட்டு ஓடுகிறாள். படம் முழுவதும் ஜோ சொன்ன முதல் உண்மை இதுதான். கோடீசுவரனாக அவன் பொய் சொன்னான், பெண்ணாக உண்மை சொன்னான். சுகர் கண்ணை விழித்துப் பார்க்கிறாள். அவளுக்கு விளங்கிவிடுகிறது. சைக்கிளில் அவர்கள் பின்னால் போகிறாள்.

கடைசிக் காட்சி ஒரு படகில். தன்னைக் கட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்கு டாப்னி ஒஸ்குட்டிடம் ஒவ்வொரு காரணமாகச் சொல்லிக்கொண்டு வருகிறாள். அவர் எதற்கும் அசைவதில்லை. வேறு வழியில்லாமல் ஜெரி பொய்முடியைப் பிடுங்கி எறிந்து, தான் ஓர் ஆண் என்கிறான். அதற்கு ஒஸ்குட் சொல்லும் பதிலை நான் இங்கே எழுதப்போவதில்லை, நீங்களே பார்க்க வேண்டும். வைல்டரும் டயமண்டும் அந்த வரியைத் தற்காலிகமாகத்தான் எழுதி வைத்தார்கள், நல்லது கிடைத்தால் மாற்றலாம் என்று. கிடைக்கவில்லை. ஆள்மாறாட்டக் கதைகளில் வழக்கமாக உண்மை வெளிப்பட்டதும் எல்லாம் பழைய இடத்துக்குப் போய்விடும். ஆண் ஆணாவான், பெண் பெண்ணாவாள், கலியாணம் நடக்கும். இங்கே ஜோவுக்கும் சுகருக்கும் அது நடக்கிறது. ஜெரிக்கு நடப்பதில்லை. அவன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்க, படம் முடிந்துவிடுகிறது.

இந்த மாசியில் நான் அந்த மாணவரின் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மூன்றாவது தடவையாக அவர் ரதி கட்டினார். லயத்துக் காம்பரா அறைக்குள் அவருடைய அம்மாதான் சேலை உடுத்திவிட்டார். படியில் இறங்கும்போது முன்மடிப்பை இடது கையால் சற்றுத் தூக்கிப் பிடிக்க வேண்டும், கண் படியில் இருக்கக் கூடாது, கால் தானாகப் படியைத் தேடிக்கொள்ளும் என்று சொல்லிக்கொடுத்தார். வெளியே தப்பு அடிக்கத் தொடங்கியது. அவர் மடிப்பைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்காமல் இறங்கினார்.